செருப்பு கழன்றது தெரியாத கால்

அம்மா ஒருநாள் சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, "எங்க கழண்டுச்சுன்னே தெரியலடி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். உடைந்த கண்ணாடியும் பிளேடும் ஊசியும் கலந்து கிடக்கிற குப்பையில் நிற்கிற கால் அது. அதில் உணர்ச்சி இல்லையென்றால் குத்தியது தெரியாது. சர்க்கரை இருப்பவருக்குப் புண் சீக்கிரம் ஆறாது. அப்படியே முற்றிப்போய் விரலை எடுத்தவர்கள், பாதத்தை எடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அம்மா 11 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. "காலு மதமதன்னு இருக்கு, பஞ்சு மேல நடக்கறாப்பல இருக்கு" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான்: "சுகர் இருந்தா அப்படித்தாம்மா இருக்கும்."

சர்க்கரை நோய் நரம்பைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். நம் கல்லீரலில் பி12 சேமிப்பில் இருப்பதால் குறைபாடு வெளியே தெரியப் பல வருடம் ஆகும். தெரியும்போது அசதி, மறதி, நாக்கு எரிச்சல், நடையில் தடுமாற்றம், கால் மரத்துப்போவது என்று வரும். கால் மரத்துப்போவது இரண்டுக்கும் பொது என்பதால் பழி சர்க்கரை மேல் விழுந்துவிடுகிறது. பி12 குறைவை மெட்ஃபார்மினின் பரவலான பக்கவிளைவு என்றே பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அறிவித்தது. அறிகுறி இருந்தால் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போய், பி12 பரிசோதனை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அது சைவம் சாப்பிடறவங்களுக்கு வர்றது. நீங்கல்லாம் கறி சாப்பிடறவங்கதானே."

அந்த 'நீங்கல்லாம்' யார் என்று எனக்குத் தெரியும். அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று அவர் கேட்கவே இல்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய கறி. காசு இல்லாத வாரம் ஈரல், போட்டி. நூறு கிராம் மாட்டு ஈரலில், ஒரு நாளைக்குத் தேவையான பி12 போல இருபது மடங்குக்கு மேல் இருக்கிறது. ஏழைகளுக்குக் கிடைத்த மலிவான மருந்து அது. நான் கல்லூரி சேர்ந்தபோது டவுனில் வாடகைக்கு வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை, கறி சமைக்கக் கூடாது. முட்டையைக்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அவித்தோம். என் படிப்புக்காக அம்மா விட்டது அந்தச் சாப்பாட்டை. பிறகு சொந்தத் தெருவுக்குத் திரும்பியும் பழக்கம் திரும்பவில்லை.

கறி சாப்பிடுகிறவர்கள் என்று வீடு மறுக்கிறார்கள். கறி சாப்பிடுகிறவர்கள் என்றே பரிசோதனையும் மறுக்கிறார்கள். நடுவில் எங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. கறியே சாப்பிட்டாலும் மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12 குறையலாம் என்பது தனிக்கதை.

தனியார் லேபில் 900 ரூபாய் கொடுத்துப் பார்த்தோம். அம்மாவின் இரண்டு நாள் கூலி அது. குறைந்தது 200 இருக்க வேண்டிய இடத்தில் 118 இருந்தது. வேறொரு மருத்துவர் ஊசி போட்டார், பிறகு மாத்திரை கொடுத்தார். நான்கு மாதத்தில் அசதி போனது, நாக்கு எரிச்சல் நின்றது. கால் மரப்பு பாதிதான் குறைந்திருக்கிறது. ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட நரம்பு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அந்த இரண்டு வருடத்தை யாரிடம் போய்க் கேட்பது?

இதைப் படித்துவிட்டு யாரும் மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து, மலிவான மருந்து. அம்மாவும் தொடர்ந்து சாப்பிடுகிறார். மருத்துவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பல வருஷமா இந்த மாத்திரை சாப்பிடறேன், பி12 பாத்தீங்களா?"

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. எங்கள் தெருவுக்கும் வருகிறது, நல்ல காரியம். மாத்திரை கொடுக்க வருகிற அக்கா, "காலு மரத்துப்போகுதா?" என்றும் கேட்க வேண்டும். ஆமாம் என்பவர்களுக்கு அரசு மருத்துவமனையில் பி12 பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். குப்பை அள்ளுகிறவர்களுக்கு அதை முதலில் செய்ய வேண்டும், ஏனென்றால் அவர்கள் தினமும் அந்தக் காலோடுதான் கண்ணாடி மேல் நிற்கிறார்கள்.