மூலக் கோப்பில் கிறுக்காதீர்!



எங்கள் பள்ளிக் கணினி அறையில் லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் பழைய கணினிகள் சில உள்ளன. அவற்றைப் பேணும் பொறுப்பு என்னுடையது. ஒருநாள் ஒன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், திரையில் இருந்த ‘பல்’ எனும் சொல்லைப் ‘பல’ என்று படித்தான்.

“புள்ளியைப் பார்த்துப் படி, தம்பி” என்று கடிந்து கொண்டேன்.

“புள்ளியே தெரியவில்லை ஐயா” என்றான்.

குனிந்து பார்த்தேன். எழுத்துரு மாறியிருந்தது. மெல்லிய கோடுகள், புள்ளியோ தூசு போலக் கிடந்தது. பிழை அவனுடையதன்று, என்னுடையது.

சில மாதங்களுக்கு முன், ‘ஃபான்ட்ஸ்.கான்ஃப்’ எனும் எழுத்துரு அமைப்புக் கோப்பைத் திறந்து, தடித்த தமிழ் எழுத்துருவுக்கு முதலிடம் தரும் வரிகளை அதனுள்ளேயே எழுதியிருந்தேன். பின்னர் மென்பொருளைப் புதுப்பித்தபோது, ‘என் பழைய கோப்பை வைப்பதா, புதியதை ஏற்பதா?’ என்று கணினி கேட்டது. புதியதே நல்லது என ஏற்றுக்கொண்டேன். என் வரிகள் அத்தனையும் மறைந்தன. நகலும் இல்லை.

அக்கோப்பின் தலைப்பகுதியை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். ‘இதைத் திருத்தாதீர், புதுப்பிக்கும்போது இது மாற்றப்படும், உங்கள் மாற்றங்களை லோக்கல்.கான்ஃப் கோப்பில் எழுதுக’ என்னும் பொருள்பட எச்சரிக்கை அங்கேயே இருந்தது!

இயங்குதளத்தை வடிவமைத்தோரின் எண்ணம் எளியது. இயல்பு அமைப்பு அவர்களுடையது. பதிப்புதோறும் அதைச் செம்மைப்படுத்துவார்கள். மாற்று அமைப்பு நம்முடையது. அதில் அவர்கள் கைவைப்பதில்லை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இது தெளிவாகத் தெரியும். அங்கே இயல்பு மதிப்புகள் ‘டிஃபால்ட்ஸ்’ எனும் தனி அடைவில் உள்ளன. நமக்கு வேண்டிய மாற்றங்களை மட்டும் நமது கோப்பில் எழுதுகிறோம். இரண்டும் முரண்பட்டால் நம் சொல்லே நிற்கும். நாம் சொல்லாதவற்றில் இயல்பு நிற்கும்.

இங்கே இன்னொரு தவறும் நேர்வதுண்டு. ஒரு வரியை மாற்றுவதற்காக முழுக் கோப்பையும் நகலெடுத்துத் திருத்துவோர் உளர். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியில் அப்படிச் செய்தால், நம் நகல் மூலக் கோப்பை முழுமையாக மறைத்துவிடும். பின்னாளில் அவர்கள் செய்யும் திருத்தம் நம்மை வந்தடையாது. ஆகவே, மாறுபடும் வரிகளை மட்டும் ஒரு சிறு துணைக் கோப்பில் எழுதுவதே நலம். வேண்டாமெனில் அதை நீக்கினால் போதும். இயல்பு நிலை திரும்பிவிடும்.

‘இரவல் பாடநூலில் எழுதாதீர், உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்’ என ஆண்டுதோறும் மாணவர்களிடம் சொல்பவன் நான். அந்தப் பாடத்தை நானே மறந்திருந்தேன்.

இப்போது என் வரிகள் லோக்கல்.கான்ஃப் கோப்பில் உள்ளன. எதற்காக எழுதினேன் என்ற குறிப்பையும் தேதியையும் மேலே சேர்த்துள்ளேன். எனக்குப் பின் வரும் ஆசிரியருக்கு அது உதவும்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து அதே சொல்லைக் காட்டினேன். “பல்” என்றான், முன்பல் இரண்டும் விழுந்த வாயால். “நேற்றும் நீ சரியாகத்தான் படித்தாய்” என்றேன்.