சாய்தளம் ஏறிய பிறகு எங்கே போவது?

இந்திய நகரங்களில் பழைய அரசு அலுவலகம் ஒன்றின் வாசலில் மூன்று படிகளாவது இருக்கும். ஒரு படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் மூன்றுக்கும் சேர்த்து 45 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தள்ளாமல் தாமாகவே ஏற வேண்டுமானால் சாய்தளத்தின் சரிவு 1:12 என்ற விகிதத்தைத் தாண்டக்கூடாது என்பது நடைமுறையிலுள்ள வழிகாட்டு நெறி. அதாவது, ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அந்தக் கணக்கின்படி மூன்று படிகளுக்கு 5.4 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும். இரு முனைகளிலும் நாற்காலி நின்று திரும்பச் சமதளம் வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். ஆனால் பல இடங்களில் கட்டப்பட்டிருப்பது, படிகளின் ஓரமாக ஒன்றரை மீட்டருக்குள் சிமெண்டு பூசி முடித்த ஒரு செங்குத்துச் சரிவு. காவலாளியின் இருசக்கர வாகனம் அதில் ஏறும். சக்கர நாற்காலி ஏறாது. இருவர் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினாலும், இறங்கும்போது முன்னால் கவிழ்ந்துவிடும்.

ஆயினும் பதிவேட்டில் அதுவும் சாய்தளம்தான். 2015 டிசம்பர் 3 அன்று 'சுகம்ய பாரத் அபியான்' என்ற பெயரில் ஒன்றிய அரசு தொடங்கிய இயக்கத்திற்குப் பின், மாநகராட்சிகளும் நகராட்சிகளும் தம் கட்டடங்களைத் தணிக்கை செய்யத் தொடங்கின. அதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அதற்கு முன் பல ஊர்களில் இது ஒரு கோரிக்கையாகக்கூட எழுந்ததில்லை. ஆனால் தணிக்கை எதை எண்ணியது என்பதைக் கவனிக்க வேண்டும். சாய்தளம் உண்டா, மின்தூக்கி உண்டா, தனிக் கழிப்பறை உண்டா என்று பொருள் பொருளாக எண்ணியது. உள்ளாட்சிப் பொறியாளரின் அளவுப் புத்தகம் இயங்கும் விதமும் அதுவே. எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை சதுர மீட்டர் தரைக்கல் என்று அளந்து எழுதினால்தான் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை கிடைக்கும். ஒருவர் தம் வீட்டிலிருந்து புறப்பட்டு, வார்டு அலுவலகம் போய், ஓய்வூதிய விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப முடிந்ததா என்பதை எழுத அந்தப் புத்தகத்தில் பத்தி இல்லை.

அந்தப் பயணத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். வீட்டு வாசலில் திறந்த வடிகால். அதன்மேல் ஆடும் கற்பலகை. தெரு முடியும் இடத்தில் பிரதான சாலையின் நடைபாதை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட பாதசாரிகளுக்கான நெறிமுறைகள் (ஐ.ஆர்.சி. 103), நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கின்றன. சாலையைத் தோண்டாமல் அதன்மேலேயே தார் போட்டு வருவதும், வாகனங்கள் ஏறிவிடும் என்ற அச்சத்தில் நடைபாதையை இன்னும் உயர்த்துவதும் மாறி மாறி நடந்ததில் பல நகரங்களில் அது முழங்கால் உயரத்தை எட்டியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு வீட்டு நுழைவாயிலிலும் இறக்கம், மறுபடி ஏற்றம். பிறகு மின்மாற்றி, பழக்கடை, பேருந்து நிறுத்தத்தின் தூண். தாழ்தளப் பேருந்து வந்தாலும் அது நிறுத்தத்தின் விளிம்பை ஒட்டி நின்றால்தான் அதன் பலகையை விரிக்க முடியும்; நடுச்சாலையில் நின்றுவிட்டால் பல லட்சம் ரூபாய்ப் பேருந்தும் பயன்படாது. வடிகால் ஒரு பிரிவின் கையில், சாலை இன்னொன்றின் கையில், பேருந்து வேறொரு கழகத்தின் கையில். வார்டு அலுவலகத்தின் சாய்தளம் மட்டும் மிகச் சரியாக 1:12 சரிவில் இருந்தாலும், அதை வந்தடைய முடியாதவருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

நல்ல நோக்கத்தில் செய்ததே வழியை அடைத்த கதை மும்பையினுடையது. நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் ஏறுவதைத் தடுக்கத் தடுப்புக் கம்பங்கள் நடப்பட்டன. நடப்பவர்களைக் காக்கவே அவை நடப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் பல இடங்களில் கம்பங்களுக்கு இடையிலான இடைவெளி சக்கர நாற்காலி நுழையப் போதவில்லை. நாற்காலியில் செல்லும் மும்பைவாசி ஒருவர் பம்பாய் உயர் நீதிமன்றத்திற்கு மின்னஞ்சல் எழுதினார். 2023-இல் நீதிமன்றம் அதைத் தாமாக முன்வந்து பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டு மாநகராட்சியிடம் விளக்கம் கேட்டது. கம்பம் நட்ட அணியில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவர் இருந்திருந்தால், முதல் கம்பத்திலேயே சொல்லியிருப்பார். ஓர் அளவுநாடாவில் தீரவேண்டியது உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

பார்வையற்றோருக்காகப் பதிக்கப்படும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களின் நிலையும் இத்தகையதே. ஜப்பானில் செயீச்சி மியாகே 1965-இல் உருவாக்கிய அந்தக் கற்கள், 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலிருந்த சாலைக் கடப்பில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. பார்வையற்றவர்கள் நாள்தோறும் கடக்கும் ஓரிடத்தைத் தேர்ந்துதான் அங்கே தொடங்கினார்கள். நீளக் கோடுகள் உள்ள கல் 'இந்தத் திசையில் செல்லலாம்' என்று பொருள்படும்; புள்ளிகள் உள்ள கல் 'நில், முன்னே கடப்போ படியோ உள்ளது' என்று எச்சரிக்கும். அது கைத்தடியும் காலும் வாசிக்கும் ஓர் எழுத்துமுறை. இந்திய நடைபாதைகளிலோ கோடும் புள்ளியும் இடம்மாறிக் கிடப்பதையும், மஞ்சள் வரிசை நேராகப் போய் ஒரு மரத்திலோ மின்கம்பத்திலோ முட்டி நிற்பதையும், வடிகாலின் மூடி திறந்து கிடக்குமிடத்தில் அறுந்து, அப்பால் மீண்டும் தொடர்வதையும் காணலாம். பதித்தவரின் கண்ணுக்கு அது அலங்காரப் பட்டையாகவே தெரிந்திருக்க வேண்டும். எழுத்தறியாதவர் அச்சுக் கோத்த பக்கம் போன்றது அது. அதை நம்பி நடப்பவருக்கு, கல்லே இல்லாத நடைபாதையைவிட ஆபத்தானது.

இந்தக் கோளாறுகளுக்கு நிதிப் பற்றாக்குறையையும் அலட்சியத்தையும் காரணமாகச் சொல்வது எளிது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றுக்கு அடியில், அமைப்பிலேயே ஒரு பிரிவினை இருக்கிறது. 74-ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணை நகராட்சிகளின் பணிகளாகப் பதினெட்டு இனங்களைப் பட்டியலிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் அதில் ஒன்பதாம் இனத்தில் வருகிறார்கள்: நலிந்த பிரிவினரின் நலன்களைக் காத்தல். (இன்று எவரும் பொதுவெளியில் பயன்படுத்தக் கூசும் பழைய சொற்கள் அந்த இனத்தில் இன்னும் அப்படியே உள்ளன.) கட்டடங்களை ஒழுங்குபடுத்துவது இரண்டாம் இனம், சாலைகளும் பாலங்களும் நான்காம் இனம், தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகியவை பதினேழாம் இனம். ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையிலும் அவர்கள் சமூக நலன் என்ற இருபத்தாறாம் இனத்திலேயே அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். அட்டவணையில் எந்த இடத்தில் இருக்கிறார்களோ அந்த இடத்தில்தான் நிர்வாகமும் அவர்களைத் தேடுகிறது. நலப் பிரிவு மூன்று சக்கர வண்டி வழங்குகிறது. அந்த வண்டி ஓட வேண்டிய சாலை வேறொரு பிரிவின் கோப்பில், வேறொரு மேசையில் இருக்கிறது. விழா மேடையில் வழங்கப்படும் வண்டியைப் பெற்றவர் அதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோகிறார் என்பது எவருடைய இனத்திலும் வருவதில்லை.

சட்டம் இந்தப் பிரிவினையைத் தாண்ட ஒரு வழி வைத்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம், தடையற்ற சூழலை அமைக்கும் கடமையைப் பொருளாதார வலிமையின் எல்லைக்குள் என்ற நிபந்தனையோடுதான் விதித்தது. அந்த நிபந்தனைக்குள் எதையும் செய்யாமலே காலம் கடத்த முடிந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி. அதன் 44-ஆவது பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டட வரைபடத்துக்கு அனுமதி கூடாது, கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் கூடாது என்கிறது. 45-ஆவது பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சீரமைக்க விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு தந்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்தது. இவற்றுள் 44-ஆவது பிரிவு உள்ளாட்சிக்குப் பணச் செலவே வைக்காத அதிகாரம். ஒரு கையெழுத்தை இடாமல் நிறுத்திவைத்தால் போதும். திருமண மண்டபமும் மருத்துவமனையும் வணிக வளாகமும் தம் செலவில் வழிக்கு வரும்.

அந்த அதிகாரம் ஏன் கூர்மழுங்கிக் கிடந்தது என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் விளக்கியது. பார்வைக் குறைபாடுடைய ரதூரி அந்த வழக்கைத் தொடுத்தது 2005-இல். 2017 டிசம்பரில் விரிவான ஆணைகள் பிறந்தன. அவை எவ்வளவு நிறைவேறின என்று ஆராய்ந்து அறிக்கை தரும் பணி ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டம் கட்டாய விதிகளை எதிர்பார்க்க, ஒன்றிய அரசின் 15-ஆவது விதியோ பரிந்துரை மொழியில் எழுதப்பட்ட வழிகாட்டு நெறிகளைச் சுட்டிவிட்டு நின்றுவிட்டது என்று நீதிமன்றம் கண்டது. அவ்விதியின் முதல் உட்பிரிவு தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்றும், மூன்று மாதத்தில் கட்டாய விதிகளைத் தனியே வகுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 'வேண்டும்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'செய்யலாம்' என்று எழுதியதன் விளைவு, நகராட்சி வரைபடப் பிரிவின் எழுத்தர் மேசை வரை வந்து சேர்ந்திருக்கிறது. மீறலுக்குத் தண்டம் விதிக்கும் 89-ஆவது பிரிவும் அதனால்தான் கை கட்டி நின்றது.

உள்ளாட்சியால் இயலாது என்று முடிவு கட்டுவதற்கு முன் கேரளத்தைப் பார்க்க வேண்டும். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் அங்கே ஊராட்சிகளின் கையில் கணிசமான நிதியைக் கொடுத்தது. அந்தப் பின்னணியில், 2004-இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூர் ஊராட்சியில் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கென முதல் 'பட்ஸ்' பள்ளி தோன்றியது. குடும்பஸ்ரீயின் துணையோடு உள்ளாட்சிகளே நடத்தும் இத்தகைய நிறுவனங்கள் இன்று மாநிலத்தில் முந்நூறுக்கும் மேல். பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கு மறுவாழ்வு மையங்கள் தனியே உண்டு. காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின் மேல் பல்லாண்டுகள் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபானின் சுமையைத் தாங்கும் ஊராட்சிகளில், இப்பள்ளிகள் பல வீடுகளுக்குப் பகல்நேரத்து ஒரே மூச்சு. குழந்தையை விட்டு நகர முடியாதிருந்த தாய் அந்தச் சில மணி நேரத்தில் கூலிவேலைக்குப் போகலாம், மருத்துவரிடம் போகலாம், உறங்கவும் செய்யலாம்.

சாய்தளத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சாய்தளத்தை ஒருமுறை கட்டிப் படம் எடுத்துவிடலாம். பள்ளியை நாளையும் திறந்தாக வேண்டும். ஆசிரியருக்கு மாதாமாதம் ஊதியம், குழந்தையை அழைத்துவர வண்டி, மதிய உணவு, உதவியாளர் என்று ஒவ்வோர் ஆண்டு வரவு செலவிலும் அது எழுந்து நிற்கும். குறைகளும் உண்டு. ஆசிரியர்களில் பலர் ஒப்பந்த ஊதியத்தில் இருப்பவர்கள். வருவாய் குன்றிய ஊராட்சியின் பள்ளி அந்தக் குன்றலைக் காட்டிவிடும். மேலும் ஒன்பதாம், இருபத்தாறாம் இனங்களின் எல்லை இங்கும் தலைகாட்டுகிறது. மலைச்சரிவில் இருக்கும் வீட்டின் முன்வரை பள்ளி வண்டி வர முடியாதபோது, பதினைந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குபவள் தாய்தான்.

நிதி ஒதுக்கீடு பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஊராட்சிகள் தம் சொந்த வருவாயில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அரசாணை. ஆண்டு வருவாய் 4 லட்சம் ரூபாயுள்ள ஊராட்சிக்கு அது 20,000 ரூபாய். அதைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தொகையில் வேறென்ன செய்ய? ஆனால் மீதமுள்ள 95 விழுக்காட்டில் போடப்படும் சாலையும் கட்டப்படும் கூடமும் எப்படி அமைகின்றன என்ற கேள்வியை இந்த 5 விழுக்காடு மறைத்துவிடக்கூடாது.

அந்த 95 விழுக்காட்டைத் தீர்மானிக்கும் அறையில் யார் அமர்கிறார்கள் என்பது நெடுங்காலம் சட்டத்தாலேயே அடைக்கப்பட்டிருந்தது. தொழுநோயாளிகள் நகர்மன்றப் பதவி வகிக்கத் தகுதியற்றவர்கள் என்றது 1950-ஆம் ஆண்டின் ஒரிசா நகராட்சிச் சட்டம். அந்தத் தகுதியிழப்பை 2008-இல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. மருந்தால் முற்றிலும் குணமாகும் நோயாக அது மாறிப் பல்லாண்டுகள் கழிந்த பின் வந்த தீர்ப்பு அது. பின்னாளில்தான் அம்மாநிலம் அந்த விதியை நீக்கியது. இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. சத்தீஸ்கர் 2019-இல் ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடமளிக்கச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் நகர்ப்புற, ஊரக உள்ளாட்சிகள் இரண்டிலும் அவர்களை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டமுன்வடிவுகளை நிறைவேற்றியது. நியமனம் தேர்தலுக்கு ஈடாகாது என்ற எதிர்வாதம் வலுவானது. நகராட்சி நிர்வாகத்தில் சிறப்பறிவு உடையோராக நியமிக்கப்படுவோருக்கு வாக்குரிமை இல்லை என்று அரசியலமைப்பின் 243-ஆர் பிரிவே சொல்கிறது. ஆனால் தடுப்புக் கம்பத்தின் இடைவெளியைச் சொல்ல வாக்கு தேவையில்லை. மதிப்பீடு மன்றத்தின் முன் வரும் நாளில் அங்கே இருந்தால் போதும்.

அந்த உறுப்பினருக்கு முதல் கூட்டத்தின் அழைப்பு எந்த வடிவில் போகப்போகிறது, அவர் பேசுவதையோ கேட்பதையோ பெயர்த்துச் சொல்லச் சைகைமொழி அறிந்தவர் உண்டா, மன்றக் கூடம் எந்த மாடியில் இருக்கிறது என்பவை மன்றத்தின் முதல் தீர்மானத்திற்கு முன்பே எவராவது எழுந்து போய்ப் பார்த்துவர வேண்டியவை. மின்தூக்கி இல்லாத கட்டடமானால், கூட்டத்தைத் தரைத்தளத்திற்கு மாற்ற அரசாணை எதுவும் தேவைப்படாது.