பாஸ்டர் போனை அணைக்க முடியுமா?

ராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தைச் சுற்றி வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. 1881இல் சென்னைத் துறைமுகம் இயங்கத் தொடங்குமுன், கப்பல் சரக்கைக் கரைசேர்த்த படகோட்டிகள் எழுப்பிய கோயில் இது. இப்படிப்பட்ட பங்கில் சாமியாருக்கு வேலை ஓயாது. ஞானஸ்நானச் சான்று, பள்ளிக்கூட சீட்டு, குடும்பச் சண்டை எல்லாம் வாசலிலேயே காத்திருக்கும். ஆனாலும் இதையெல்லாம் விட்டுவிட்டு அவர் அவ்வப்போது தியானத்துக்குப் போயே ஆகவேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 276ஆம் விதி அதைக் கடமையாக்கியிருக்கிறது. போய்த் தங்க மந்தைவெளியில் சேசு சபையாரின் தியான ஆசிரமம் போன்ற இடங்களும் உண்டு. இஞ்ஞாசியார் வகுத்த 30 நாள் பயிற்சியை எட்டு நாளாகச் சுருக்கிச் செய்பவர்களே அதிகம்.

காசிமேட்டு மீன் வாடையைக் கடந்து திருவொற்றியூருக்கு வந்தால் கதை வேறு. சந்து ஒன்றில், மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட சபை. பாஸ்டருக்கு வாரநாளில் கன்டெய்னர் யார்டில் வேலை, மாலையில் வீடு சந்திப்பு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்.

“தனியா ஜெபிக்க எங்கயாவது போறதுண்டா, பாஸ்டர்?”

“எங்க போறது பிரதர்? ரெண்டு நாள் போன் எடுக்கலைன்னா வாசல்ல வந்து நிப்பாங்க. மூணாவது நாள் வேற சபைக்குப் போயிடுவாங்க.”

ஊழியர் ரிட்ரீட்டுக்கு அவர் போனதுண்டு. காலை முதல் இரவுவரை மைக், வரிசையாகச் செய்தி. பாவம், பிரசங்கத்திலிருந்து தப்பிப் போனவருக்கு அங்கேயும் பிரசங்கம்தான்.

பக்கத்துக் கடற்கரையில்தான் பட்டினத்தார் சமாதி. எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவருக்கு இந்தக் கரை போதுமாக இருந்திருக்கிறது. பாஸ்டருக்கு மனைவி, பிள்ளைகள், மாடி வாடகை.

ஷிப்டுக்கு முன் இருட்டோடு எழுந்து, எண்ணூர்ப் பக்கம் அலைதடுப்புக் கற்களில் போய் உட்காருவாராம். கூட்டிப்போய்க் காட்டினார். முதுகுக்குப் பின்னால் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, படகும் வலையும் கெட்டுப்போன விசுவாசிகளின் வீடுகளிலேயே அவர் நாட்கள் கழிந்தன. அப்போது இங்கே வரவும் வழியில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசுவும் விடியுமுன் எழுந்து தனியிடம் போகிறார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக்கொண்டு அங்கேயும் வந்துவிடுகிறார்கள். அதைச் சொல்லிச் சிரித்தார்.

புராட்டஸ்டன்ட்களுக்கும் தியானத்துக்கு ஒதுங்கும் மரபு புதிதல்ல. டாக்டர்கள் ஏசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியது 1921இல். குறை இடத்தில் இல்லை. கன்வென்ஷன் மேடைக்கும் ஸ்பீக்கருக்கும் காணிக்கை எடுக்கும் சபை, போதகரின் இரண்டு நாள் சம்பள இழப்பையும் பஸ் கட்டணத்தையும் தன் செலவுக் கணக்கில் எழுத வேண்டும். தனி ஜெபத்தை அவருடைய சொந்த ஒழுக்கம் என்று விட்டுவிடுவது சபைக்கு வசதி, அவ்வளவுதான்.

எண்ணூரில் இன்னொரு பாஸ்டரோடு ஓர் ஏற்பாடு பேசியிருக்கிறாராம்: ஒருவர் போனால் மற்றவர் இரண்டு சபையின் அழைப்பையும் பார்த்துக்கொள்வது. திரும்பி வந்து தேநீர் குடிக்கும்போது அதைச் சொன்னார். பாஸ்டரம்மா டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார்: “இவருக்கு ஆள் கிடைச்சாச்சு. எனக்கு யாரு பிரதர்?”