தகரப் பெட்டியில் ஒரு ரூபாய்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் தம் கைப்பேசியை என் முன் நீட்டினார். இணையவழி ஏலத்துக்கு வந்திருந்த ஒரு பழைய வெள்ளி ரூபாயின் படம் அதில் இருந்தது. "ஐயா, உங்களுக்கு இதில் பழக்கம் உண்டு என்றார்கள். வாங்கலாமா?" என்று கேட்டார். இரண்டொரு வார்த்தைகளில் விடை கூறி அனுப்பிவிட்டேன். அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது, அதனால் என் வீட்டில் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லியிருந்தால்தான் விடை நிறைவு பெற்றிருக்கும் என்று பிறகு தோன்றியது. ஆதலின் இதை எழுதுகிறேன்.

என் தந்தையார் 1951-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையை விட்டுப் பம்பாய்க்கு வந்து, ஒரு பஞ்சாலையில் கணக்கெழுதிப் பிழைத்தவர். வெற்றிலை, சீட்டு முதலிய வழக்கம் ஒன்றும் அவருக்குக் கிடையாது. சோர் பஜார் நடைபாதையில் பழங்காசு தேடுவது ஒன்றுதான் அவருடைய ஆடம்பரம். வாங்கிவந்த காசைச் செய்தித்தாள் துண்டில் பொதிந்து, அதன்மேல் ஆண்டையும் கொடுத்த விலையையும் பென்சிலால் குறித்து, ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் வைப்பார். அவற்றுள் அரசு கட்டில் ஏறியது ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த 1939-ஆம் ஆண்டு ரூபாய். பொங்கலன்று மாத்திரம் அது வெளியே வரும். நானும் தம்பியும் பார்க்கலாம், தொடக்கூடாது. அவர் மறைந்தபின் புத்தகங்கள் எனக்கும், பெட்டி தம்பிக்கும் ஆயின.

எனக்குக் காசுப் பித்து பிடித்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். சோர் பஜாருக்கு நடக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வீட்டிலிருந்தபடியே ஏலம் கேட்கும் வசதி வந்துவிட்டது. முதன்முதலில் நான் வாங்கியது நான்காம் வில்லியம் மன்னரின் 1835-ஆம் ஆண்டு ரூபாய். இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரியாகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வெளியிட்ட முதல் ரூபாய் வரிசை அது. அதில் மன்னர் பெயருக்குப் பின் நான்கு என்பதைக் குறிக்க நான்கு கோடுகள் வரிசையாக நிற்கும். வழக்கமான ரோம எண் அப்படி இராதே என்று ஐயுற்று, பிழை அங்கேதான் என எண்ணி இரண்டு நாள் தூக்கம் கெட்டேன். உண்மையில் நல்ல காசிலும் அப்படித்தான் இருக்கும். நான் ஐயுற வேண்டிய இடம் வேறு.

1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாயின் எடை 180 கிரெயின். அதாவது ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். நம் பாட்டிமார் மருந்துச் சரக்கை 'ரூபாய் எடை' என்று நிறுத்தது இந்தக் காசைத் தட்டில் வைத்துத்தான். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. புழங்கித் தேய்ந்தால் எடை சற்றுக் குறையலாம். ஆனால் எழுத்தெல்லாம் கூர்மையாக நிற்க, எடை மட்டும் ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் அது தேய்மானம் அன்று. என் காசு 10.2 கிராம் இருந்தது. பிறகு அதை நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் அடி தொடாமல் அமிழ்த்திப் பார்த்தேன். முழு எடையுள்ள நல்ல ரூபாயானால் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் கூடுதலாகக் காட்டவேண்டும். எடை குறைந்த என் காசோ 1.2 கிராம் காட்டியது. எடை குறைவு, அடைக்கும் இடமோ மிகுதி. ஆகவே உள்ளே இருந்தது வேறு உலோகம். விற்றவருக்கு எழுதினேன். விடை வரவில்லை. 4,500 ரூபாய் போயிற்று.

இவையெல்லாம் காசு கைக்கு வந்தபின் செய்யும் சோதனைகள். படத்தை மட்டும் பார்த்து விலை கேட்பவன் என்ன செய்வான்? இதற்கு விடையை மூன்று மாதம் கழித்துத் தற்செயலாகக் கண்டேன். வேறு ஊரில் வேறொருவர் ஏலம் விட்ட 1835 ரூபாயின் படத்தில், மன்னரின் கன்னத்தில் ஒரு சிறு வெட்டு இருந்தது. எங்கோ பார்த்த முகமாயிற்றே என்று என் காசை எடுத்தேன். அதே கன்னத்தில், அதே சாய்வில், அதே நீள வெட்டு! கைமாறிக் கைமாறித் திரியும் இரண்டு காசுகளுக்கு ஒரே இடத்தில் ஒரே காயம் எப்படி வரும்? வெட்டுண்ட நல்ல காசு ஒன்றை மாதிரியாக வைத்து அச்செடுத்தவன், அதன் வடுவையும் சேர்த்து எடுத்துவிட்டான். அன்றுமுதல், விலை கேட்குமுன் அதே ஆண்டுக் காசுகளின் பழைய ஏலப் படங்களைத் திரட்டி, ஒன்றன் வடு மற்றொன்றில் இருக்கிறதா என்று ஒப்பிடத் தொடங்கினேன். பிழைப்புக்கு ஆகாத வேலைதான். ஆயினும் பலமுறை என்னைக் காத்திருக்கிறது.

விளிம்பையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பேன். வார்ப்புக் காசானால் விளிம்பைச் சுற்றி மெல்லிய பொருத்துக்கோடு ஓடக்கூடும். அம்மைத் தழும்புபோல் நுண்குழிகளும் தெரியலாம். தராசின் மேல் காசை வைத்து எண் தெரியும்படி படம் கேட்டால், நேர்மையான வியாபாரி அனுப்புவார். "தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே ஓர் அரிய காசை மாதத்துக்கு மூன்றுமுறை விற்பவரை விட்டு விலகிவிடலாம். சில நிறுவனங்கள் காசைச் சோதித்துப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து எண் இட்டுத் தருகின்றன. அந்தப் பேழையையே போலியாகச் செய்யும் கெட்டிக்காரரும் உளர். எண்ணை நிறுவனத்தின் ஏட்டில் தேடி, அங்குள்ள படமும் இதுவும் ஒரே காசுதானா என்று பார்க்கவேண்டும்.

அனுமாரும் இராமர் பட்டாபிஷேகமும் பொறித்து, கம்பெனியின் பெயரும் 1616, 1717, 1818 என்ற ஆண்டுகளும் தாங்கி வரும் செப்புக்காசுகளைப் பற்றி நம்மவர் பலர் கேட்கிறார்கள். அவை கம்பெனிக் காசுகளே அல்ல. 1616-ஆம் ஆண்டில் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ, வாணிக உரிமை வேண்டி ஜஹாங்கீர் தர்பாரில் நின்றுகொண்டிருந்தார்; அணா அச்சடிக்கும் நிலையில் அவர்கள் இல்லை. கம்பெனிக் காசில் தெய்வ உருவமே வராது என்றும் சொல்லிவிட முடியாது. சென்னையில் அவர்கள் அடித்த மூன்று சுவாமி வராகனில் பெருமாள் தேவியரோடு நிற்கிறார். அரிசியை இழுக்கும் காசு என்று இலட்சங்கள் கேட்பதோ வெறும் மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழங்காசு விற்கக் கட்டணமும் வரியும் கேட்பவரை நம்பவேண்டா என்று அவ்வங்கியே 2021-ஆம் ஆண்டில் எச்சரித்தது.

இனி என் தந்தையாரின் ரூபாய்க்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு ஆவணியில் தம்பி தொலைபேசியில் அழைத்தான். மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, பணம் கட்டவேண்டும். "அண்ணே, அப்பாவின் 1939-ஐ ஏலத்தில் விட்டிருக்கிறேன். நாளை இரவு முடிகிறது. நீயும் ஒருமுறை பார்" என்றான். 1938-ஆம் ஆண்டு ரூபாய் எளிதில் கிடைப்பது. 1939 மிக அரிது. இலட்சக் கணக்கில் விலைபோகக் கூடியது. 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டதால், பழைய வெள்ளித் தரத்தின் கடைசி ஆண்டு என்ற பெருமையும் அதற்கு உண்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டா என்று இன்றும் சில இரவுகளில் எண்ணுகிறேன். ஆண்டெண்ணில் இரண்டு ஒன்பதுகள் உண்டல்லவா? முதல் ஒன்பதின் வால் தடித்து வளைந்திருந்தது. கடைசி ஒன்பது மெலிந்து, ஒரு பக்கம் சுரண்டியதுபோல் இருந்தது.

மறுநாள் காலை தாணாவுக்கு இரயிலேறினேன். தராசையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன். எடை சரி. தண்ணீர்ச் சோதனையும் சரி. விளிம்பும் சரி. ஏன் சரியாக இராது? அது நல்ல 1938 ரூபாய்தானே! யாரோ ஒருவன் எட்டின் இடுப்பை ஒரு பக்கம் செதுக்கி ஒன்பதாக்கியிருந்தான். கண்ணாடியின் கீழே அந்த எண்ணைச் சுற்றி மட்டும் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "புத்தகம் உனக்கு வந்தது, பெட்டி எனக்கு வந்தது. அந்த வருத்தம் உனக்கு இன்னும் போகவில்லையா, அண்ணே?" என்றான். நான் விடை சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை அவன் பக்கம் தள்ளினேன். அவன் மனைவி அதை எடுத்து, சாளரத்தருகே சென்று, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இரண்டு ஒன்பதும் ஒன்றில்லைங்க" என்று மெல்லச் சொன்னாள்.

பெட்டியிலிருந்த செய்தித்தாள் துண்டில் அப்பாவின் பென்சில் எழுத்து: '1939. ரூ. 85.' அவருடைய சம்பளத்தில் எத்தனை நாள் கூலி அது என்று இருவரும் மனத்துக்குள் கணக்கிட்டிருப்போம், வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று இரவு ஏலம் முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் தம்பி அதை நீக்கினான். விலை அப்போது 62,000 ரூபாயைத் தொட்டிருந்தது. கல்லூரிப் பணத்துக்கு வங்கியில் கடன் வாங்கினான். என்னால் ஆனதை நானும் கொடுத்தேன். நான்கு மாதம் அவன் என்னை அழைக்கவில்லை.

பொங்கலன்று காலையில் மணி அடித்தது. "அண்ணே, 1835 ரூபாய் ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. கன்னத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. உன்னுடையதை எடுத்துப் பார்த்துச் சொல்" என்றான்.