மாங்காய் இருக்கத் தயிர் எதற்கு

நாஞ்சில் நாட்டில் தை மாதக் கல்யாணத்தில் விளம்பும் அவியலும் வைகாசிக் கல்யாணத்து அவியலும் ஒன்றல்ல. பெயரும் அரைப்பும் ஒன்றுதான். உள்ளே விழும் காயும் புளிப்பும் வேறு. தையில் புளிப்புக்குத் தயிர், வைகாசியில் மாங்காய். வைகாசியில் சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) சேராமல் அவியலை இறக்கப் பழைய சமையல்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். இந்த மாற்றங்களையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தோவாளை வட்டத்துக் கிராமம் ஒன்றில் வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. 800 இலைக்குச் சமையல். தலைமைச் சமையல்காரரான தவசிப்பிள்ளை அறுபதைத் தாண்டியவர். சந்தையில் இருந்தே கூட வரச் சொன்னார்.

நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைக்கு விடிவதற்கு முன்பே போய்விட்டோம். கல்யாண வீட்டார் எழுதிக் கொடுத்த பட்டியல் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை அவர் வெளியே எடுக்கவே இல்லை. முதலில் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினார், எதையும் வாங்கவில்லை. இரண்டாவது சுற்றில் மாங்காய்க் குவியல் முன் நின்று, காம்பை முகர்ந்தார், ஒன்றை அறுக்கச் சொல்லிக் கடித்தார், அடுத்த கடைக்கு நகர்ந்தார். அளவு ஏதும் உண்டா என்று கேட்டேன்.

"மாங்காப் புளிப்பு மரத்துக்கு மரம் மாறும் பாத்துக்கிடுங்க தம்பி. ஒரு மழை பெஞ்சா அதுவும் மாறும். நூறு இலைக்கு எத்தனை மாங்கான்னு கேட்டா நான் எங்கேருந்து சொல்ல? நாக்குதான் சொல்லணும்."

பட்டியலில் காலிபிளவர் இருந்தது. அதற்குப் பதிலாக அவர் வாங்கியது மலையோரத்திலிருந்து வந்திறங்கிய வரிக்கச் சக்கை. வீட்டாரிடம் தொலைபேசியில் பேசி, "இந்த மாசத்துல சக்கைப் பிரதமன் இல்லாம எலை போட்டா ஊரு பேசும் அண்ணாச்சி" என்று சொல்லிச் சம்மதம் வாங்கினார். அந்த ஒரு தொலைபேசிப் பேச்சில்தான் அவர் தொழிலின் பாதி இருந்தது என்பது என் எண்ணம்.

இத்தனை வகை காய் இங்கே குவிவதற்குக் காரணம் நிலம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள்தான் நாஞ்சில் நாடு. மேற்கே கல்குளம், விளவங்கோடு. அங்கே மலைச்சரிவும் சக்கையும் மரச்சீனியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையும் கடலும் மிக நெருக்கம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கின்றன. அதனால்தான் நெல்லுக்கும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை அந்த வயல்களுக்கு உறுதி கொடுத்தது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் வழிவந்த நிலம். மாநிலம் மாறிய பிறகும் இலையில் எரிசேரியும் புளிசேரியும் ஓலனும் அப்படியே இருக்கின்றன.

சாயங்காலம் ஆக்குப்புரைக்கு வந்தோம். வீட்டுக்குப் பின்னால் தென்னை ஓலை வேய்ந்த பந்தல். கோடை மழைக்கு மேலே தார்ப்பாய். செங்கல் அடுக்கிய கோட்டை அடுப்புகள், விறகு, கதம்பை, கவிழ்த்து வைத்த வார்ப்புகள், உருளிகள். காய் வெட்ட எட்டுப் பத்துப் பெண்கள் வந்தார்கள். முன்பெல்லாம் ஊரே உட்கார்ந்து வெட்டும். இப்போது கூலிக்கு ஆள் வைத்தால்தான் உண்டு.

நான் அதிக நேரம் இருந்தது அவர்களோடுதான். சேனை வெட்டும் அம்மா கை நிறையத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டார். சேனையைக் கழுவாமல் தோல் சீவி, துண்டு போட்ட பிறகே தண்ணீரில் போட்டார். ஈரத்தோடு சீவினால் அரிப்பு கூடுமாம். அவியலுக்கு எல்லாக் காயும் விரல் நீளம். ஏத்தங்காயைக் கறை போக மஞ்சள் தண்ணீரில் போட்டார்கள். வழுதலங்காய் கடைசியில், இல்லாவிட்டால் கறுத்துவிடும். சக்கையை அரிந்தவருக்குக் கத்தியிலும் எண்ணெய், கையிலும் எண்ணெய். வழியும் பாலை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்தார். கொட்டையின் மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கும் செந்நிறத் தோலைக் கத்தி முனையால் சுரண்டினார். அது அலுப்பான வேலை. அதைச் சுரண்டாமல் போட்டால் அவியலில் துவர்ப்பு ஏறும் என்றார். சாப்பிட வருகிற 800 பேரில் ஒருவருக்கும் அந்தச் சுரண்டல் தெரியப் போவதில்லை. துவர்ப்பு இருந்தால் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

தேங்காய் துருவ இப்போது இயந்திரம் வந்துவிட்டது. திருவலக்குத்தியில் உட்கார்ந்து துருவிய காலத்தில் முதுகு ஒடியும் என்று சொல்லி அந்த அம்மா இயந்திரத்தை வாழ்த்தினார். எனக்கும் அதில் வருத்தமில்லை.

அவியலைக் கடைசியாகத்தான் வைப்பார்கள், தேங்காய் அரைப்பு சீக்கிரம் ஊசிவிடும் என்பதால். விடிந்து வெகுநேரம் கழித்து வார்ப்பு அடுப்பில் ஏறியது. முதலில் சேனை, ஏத்தங்காய், சக்கைக்கொட்டை. பிறகு முருங்கை, சீனியவரை, தடியங்காய். அதற்குப் பிறகு வழுதலங்காய், வெள்ளரிக்காய். மாங்காய் மட்டும் கடைசிவரை தட்டில் காத்திருந்தது. "மாங்கா முந்தி விழுந்தா சேனை வேகாது" என்றார் தவசிப்பிள்ளை. புளிப்பு சேர்ந்தால் காய் இளகுவது தாமதப்படும். பள்ளிக்கூட வேதியியல் சொல்லும் விஷயம். அதை அவர் அப்பாவின் கையைப் பார்த்துக் கற்றிருக்கிறார். மாங்காய் வெந்ததும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். "தயிரு வேண்டாம்லே" என்று உதவியாளரிடம் சொன்னார். பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள் சேர்த்துக் கரகரப்பாக அரைத்த தேங்காய் விழுந்தது. ஒரு கொதி. இறக்கிப் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு வாழையிலையால் மூடினார்கள்.

புளிசேரிக்கு அன்று மாம்பழம். மாம்பழம் ஓய்ந்த மாதங்களில் அதே மோர்க்குழம்பில் தடியங்காயோ வெள்ளரிக்காயோ விழும். சக்கைப் பிரதமனுக்குச் சுளையை வேகவைத்து மசித்து, வெல்லத்தோடு உருளியில் நெய் விட்டு வரட்டினார்கள். இரண்டு பேர் மாறி மாறிச் சட்டுவம் பிடித்தார்கள். நன்றாக வரட்டியதைப் பரணியில் அடைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஐப்பசி மழையில் சக்கைப் பிரதமன் வைக்க முடிவது இந்தச் சக்கை வரட்டியால்தான். பருவத்துக்குச் சமைப்பது என்றால் கிடைக்கும் காலத்தில் தின்று தீர்ப்பது மட்டும் இல்லை. உப்புமாங்காய், கருப்பட்டி, வற்றல், கடற்கரையில் கருவாடு எல்லாம் இதே அறிவின் பிள்ளைகள்.

மற்ற மாதங்களைப் பற்றி அடுப்படியிலேயே பேச்சு ஓடியது. தையில் சிறுகிழங்கு, சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்கிய கிழங்கு துவட்டலாகும். மாசி பங்குனியில் பிஞ்சுச் சக்கை. பனை சுரக்கும் கோடையில் அக்கானி. ஆடிச் செவ்வாயில் பெண்கள் ஔவையாரம்மன் கோவிலுக்குப் போய்க் கூழும் கொழுக்கட்டையும் ஆக்குவார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வீட்டுச் சட்டியில் வள்ளக்காரர்கள் கொண்டு வரும் மீன்தான். மரச்சீனிக்கிழங்கோடு சாளைக் குழம்பு சாப்பிட மழைக்காலத்தை விடப் பொருத்தமான காலம் கிடையாது.

இந்த அறிவை உலகம் மதிக்காமல் இல்லை. இத்தாலியில் 1986இல் ரோம் நகரத்து ஸ்பானியப் படிக்கட்டுகள் அருகே மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது எழுந்த எதிர்ப்பில் கார்லோ பெத்ரீனி முன்னணியில் நின்றார். அதிலிருந்து வளர்ந்த ஸ்லோ ஃபுட் இயக்கம் 1989இல் பாரிஸில் பன்னாட்டு இயக்கமாக அறிவிக்கப்பட்டது. ரோமாபுரிச் சமையலில் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) வசந்தத்துக்கு உரியது. பியமோந்தேயின் ஆல்பா ஊரில் வெள்ளை ட்ரஃபிள் காளானுக்கு இலையுதிர்காலத்தில் திருவிழாவே எடுக்கிறார்கள். அந்தந்த வட்டாரத்தின் சமையல், அந்தந்த மாதத்தின் பொருள் என்பதை அவர்கள் பெருமையாகச் சொல்லிக் காப்பாற்றுகிறார்கள். நம்மிடம் 2023இல் கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசையத் தகுந்த பாயசத்தை வைக்கத் தெரிந்தவருக்கு எந்தக் குறியீடும் கிடையாது.

தவசிப்பிள்ளையின் இரண்டு மகன்களும் வேறு வேலையில் இருக்கிறார்கள். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. வெக்கையில் நின்று கண் கெட்டவர் அவர். அவருக்கு மனக்கஷ்டம் வேறு இடத்தில். ஆறு மாதத்துக்கு முன்பே மண்டபத்தில் பட்டியலை அச்சடித்துவிடுகிறார்கள்; எந்த மாதமானாலும் அதே கேரட், அதே பீன்ஸ், அதே காலிபிளவர். "காய் எது நல்லாருக்குன்னு பாக்க எனக்கு வேலையே இல்ல தம்பி. ஆக்கிக் கொடுத்தா போதும்ங்காவ." தேர்ந்தெடுக்கும் வேலையைப் பறித்துவிட்டால் இந்தத் தொழிலில் மிஞ்சுவது அடுப்பின் சூடு மட்டும்தான். அதற்கு எந்தப் பிள்ளை வரும்?

கூலியும் சரியில்லை. இரவு முழுக்க வெட்டிச் சுரண்டி அரைத்த பெண்களுக்கு, வார்ப்பைத் தூக்கி இறக்கிய ஆண்களை விடக் குறைவாகத்தான் அன்று கொடுத்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன். அவியலின் ருசியில் பாதி அந்தப் பெண்களின் கத்தி முனையில் இருந்தது.

வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமையல்காரரிடம் பட்டியலை நீட்டுவதற்கு முன், அந்த மாதத்தில் என்ன நன்றாகக் கிடைக்கும் என்று அவரையே கேளுங்கள். நான்கு கூட்டுக்கறிகளையாவது அவர் சந்தைக்குப் போய் முடிவு செய்யட்டும். காய் வெட்ட வரும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.