கரித்துண்டு

எங்கள் ஊர்ப்பக்கம் துடைப்பத்துக்கு வாரியல் என்று பெயர். வேறு ஊர்களில் விளக்குமாறு, சீமாறு. எந்தப் பெயரில் சொன்னாலும் அது வசைக்கும் உதவும். எந்த ஊரிலும் அது பெண்ணின் கையில்தான் இருக்கும். தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அதன் பெயர்கள் தெரியும். அம்மாவுக்கு அதன் தூசி தெரியும். அவளுக்கு வீசிங்.

1993இல் நான் ஒன்பதாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு டை கட்டிய இளைஞர் ஒருவர் வேக்குவம் கிளீனரோடு வந்தார். குழாயின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையை வைத்து எங்கள் மெத்தைமேல் ஓட்டினார். துணியில் படிந்த சாம்பல் வட்டத்தை அப்பாவிடம் காட்டினார். அப்பா அம்மாவைப் பார்த்தார். தினமும் இரண்டு வேளை வீட்டைத் தூத்துகிறவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவில்தான் வியாபாரம் முடிந்தது, மாதத் தவணைக்கு.

வாங்கிய பிறகு அது அப்பாவின் பொருள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டுவார், நாங்கள் நாற்காலிகளை நகர்த்துவோம். மற்ற நாளெல்லாம் வாரியல்தான். அவர் ஊரில் இல்லாத ஒருநாள் அம்மா துணிந்து சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு உள்ளே பொறி பறந்தது. கருகிய வாடையோடு நின்றுவிட்டது.

"ஒங் கை பட்டா எதுவும் வெளங்காது."

இயந்திரம் பழைய இரும்புக்காரரிடம் போன பிறகும் இந்த வாக்கியம் எங்கள் வீட்டில் இருபது வருஷம் ஓடியது. மிக்சி நின்றபோது ஓடியது. என் கல்யாணம் முறிந்தபோதும் ஓடியது; அந்த வரனைப் பார்த்தவள் அம்மா.

மூன்று வருஷத்துக்கு முன் பழைய இரும்புக் கடை ஒன்றில் அதே சாயலில் ஒரு சிவப்பு உருளையைப் பார்த்தேன். 300 ரூபாய். "ஓடாதும்மா" என்றார் கடைக்காரர். ஓடாது என்பதற்காகவே வாங்கினேன். எனக்கு அதைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

மொட்டை மாடியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, திருகுகளைக் கழற்றினேன். பைக்குள் யாரோ ஒருத்தியின் நீள முடிகள், அரிசி, ஒரு கம்மல் திருகாணி. பை அடைத்திருந்தது. உறிஞ்சும் காற்றே மோட்டாரைக் குளிர்விக்கவும் வேண்டும். பை அடைத்தால் அது வெந்துபோகும். எங்கள் வீட்டில் பையை யாரும் கொட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மிக்சி ரிப்பேர் கடைக்குப் போனேன். "சார் வரலையா?" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மிக்சியில் இருப்பதும் இதே வகை மோட்டார்தான். சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொண்டுபோக இரண்டு பக்கமும் கார்பன் பிரஷ் என்று சின்னக் கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். என்னுடையதில் அவை தேய்ந்து நகக்கண் அளவுக்கு ஆகியிருந்தன.

"யார் கெடுத்தது?" என்று கேட்டேன்.

சிரித்தார். "யாரும் கெடுக்கலைம்மா. தேயறதுக்குத்தான் அதை வச்சிருக்கான். தேஞ்சா மாத்தணும்."

புதிய துண்டுகளைப் போட்டு, தாமிரப் பட்டைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கிழிந்த குழாய்க்கு டேப் சுற்றி ஓட்டியபோது அது கத்திய கத்தலில் பக்கத்து மாடிப் புறாக்கள் பறந்தன. கரித்துண்டு விவரத்தை அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒங்கப்பா இருந்து கேட்டிருக்கணும்" என்றாள்.

இந்த இயந்திரத்தின் கதையும் மூச்சில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், கேன்டன் நகரக் கடையொன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். ஆஸ்துமாக்காரர். மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கழியையும் தலையணை உறையையும் சேர்த்து, தூசியை உறிஞ்சும் கருவியைச் செய்தார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை ஹூவர் வாங்கினார். கூட்டியவரின் பெயர் மறைந்து, விற்றவரின் பெயர் நிலைத்தது.

இதுவரை நான்கு இயந்திரங்களைச் சரிசெய்துவிட்டேன். இரண்டாவதை, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் கொடுத்தேன். மூன்று வீடுகளில் தூத்துகிறார், அவருக்கும் இருமல். அம்மாவின் மூச்சைப் பற்றி முப்பது வருஷமாக யோசித்த எனக்கு, தினமும் எதிரில் கேட்கும் அந்த இருமல் உறைக்க, இயந்திரம் ஒன்று மீந்துபோக வேண்டியிருந்தது.

அவர் அதைச் சுற்றிப் பார்த்தார். "டீச்சர், இத வச்சுத் தூத்துனா வேல சீக்கிரம் முடியும்லா?"

"ஆமாக்கா."

"அப்போ சம்பளத்தக் கொறப்பீங்களா, இல்ல இன்னும் ரெண்டு ரூம் சேத்துத் தூக்கச் சொல்வீங்களா?"

வீட்டு இயந்திரங்கள் பெண்ணின் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை, சுத்தத்தின் அளவுகோலைத்தான் உயர்த்தின என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு புத்தகமே எழுதினார். நான் அதை வகுப்பில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அக்கா அதை என் வீட்டு வாசலில் நின்று கேட்டார்.

ரெண்டும் இல்லை என்றேன். அவர் உடனே நம்பிவிடவில்லை. மூன்று மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்த்த பிறகுதான் மற்ற வீடுகளுக்கும் அதை எடுத்துப்போகத் தொடங்கினார். போன வாரம் சத்தம் மாறியிருக்கிறது என்று கொண்டுவந்தார். ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.