பட்டா இல்லாதவர்களின் பெயரையும் எழுது

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தொழிற்பேட்டைக்கு நம் கழனியை எடுக்கப் போகிறார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. 2023இல் செய்யாறு பக்கம் மேல்மாவில் நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மேல் குண்டர் சட்டம் பாய்ந்ததே, அதுதான் நினைப்பில் வந்து வந்து போகிறது.

"சிங்கப்பூரும் நிலத்தை எடுத்துத்தானே வளர்ந்தது?" என்று கேட்டாய். ஆமாம். 1961இல் ஜூரோங்கில் சதுப்பையும் இறால் குட்டைகளையும் தூர்த்துத் தொழிற்பேட்டை கட்ட ஆரம்பித்தார்கள். 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. விலை விஷயத்தில் அது கொடுமையான சட்டம். 1973 நவம்பர் 30 அன்று நிலம் என்ன விலைக்குப் போனதோ, பல வருஷங்களுக்கு அதற்கு மேல் இழப்பீடு கிடையாது. சந்தை விலை கொடுப்பதற்கு 2007 ஆகிவிட்டது. இதை யாராவது முன்மாதிரியாகக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதே.

ஆனால் இங்கே கம்பம் என்று சொல்லும் கிராமங்களில் இருந்த பலருக்குச் சொந்த நிலமே கிடையாது. அவர்களையும் கணக்கெடுத்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இடம் ஒதுக்கினார்கள். பழ மரத்துக்கும் பன்றிக் கொட்டகைக்கும்கூட ஒரு தொகை உண்டு. அதற்காக எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். எங்கள் மாடியில் இருக்கும் சீனப் பாட்டி பொங்கோலில் பன்றி வளர்த்தவர். பன்றிப் பண்ணைகளை ஒழிப்பதென்று 1984இல் அரசு முடிவெடுத்த பிறகு இங்கே வந்தார். பிள்ளைகளுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்த வயதில் அவருக்கு யார் கொடுப்பார்கள்?

நம்மிடம் பட்டா இருக்கிறது, பணம் வந்துவிடும். நம் கழனியில் நாற்று நட்டவர்கள், குத்தகைக்கு உழுதவர்கள்? 2013ஆம் வருஷத்து மத்திய நில எடுப்புச் சட்டம் மூன்று வருஷமாக அங்கே வேலை செய்த நிலமில்லாதவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே சொல்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, இல்லையென்றால் 5 லட்சம், அதுவும் இல்லையென்றால் 20 வருஷத்துக்கு மாதம் 2,000 ரூபாய். ஆனால் தொழில் நோக்கத்துக்கான தமிழ்நாட்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி நிலம் எடுத்தால் சமூகத் தாக்க ஆய்வு கட்டாயமில்லை. 2021இல் உச்ச நீதிமன்றமும் அந்த ஏற்பாட்டை ஏற்றுவிட்டது. ஆய்வு நடக்காவிட்டால் நிலமில்லாத இவர்கள் எந்தக் காகிதத்திலும் ஏறமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே தேக்காவில் நம் பக்கத்துப் பையன்களைப் பார்க்கிறேன். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஊருக்குப் பக்கத்திலேயே ஆலை வந்தும் கிடைத்தது காண்ட்ராக்ட் கூலி வேலைதான் என்கிறார்கள். கேட்கவே வயிறு எரிகிறது.

நில எடுப்பு விசாரணைக்குப் போகுமுன், நம் கழனியில் வேலை செய்தவர்கள் இருக்கும் காலனித் தெருவுக்குப் போ. வீடு வீடாகப் பெயர், வயசு, எத்தனை வருஷமாக நம் நிலத்தில் வேலை என்று எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கி, உன் மனுவோடு சேர்த்துக் கொடு. கொடுத்ததற்கு ரசீது கேள். ஒரு நகலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. மாமாவும் அதையே சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா